ஆலங்குடாவில் ஒரு குவளைச் சர்பத்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில், நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்து, புத்தளம் நகரை எட்டுவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தி வருகின்றது. அவ்விடத்தில் இடப்புறமாகத் திரும்பியதும் காட்சி மாறிவிடுகின்றது. வெள்ளை வெளேரென்ற உப்பளங்கள் முதலிற் கண்ணைக் கூசச் செய்கின்றன. அப்பால் தென்னந்தோப்புகள், அவற்றினிடையே, வெறும் மணல் என்று நாம் எண்ணும் நிலத்தில், கிணற்று நீரை நம்பிச் செழித்து நிற்கும் வெங்காயப் பாத்திகளும் மிளகாய்த் தோட்டங்களும். வலப்புறத்தே அமைதியான களப்பு. இடப்புறத்தே ஓயாது இரையும் பெருங்கடல். இவ்விரண்டிற்கும் நடுவே, வடக்கு நோக்கி நீட்டிய நாக்குப் போற் கிடப்பதுதான் கற்பிட்டிக் குடாநாடு.

நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்துவரும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்திலிருந்தே வழிகாட்டுகின்றது. அதற்கு வடக்கே, கடலோரமாக அமைந்துள்ளது ஆலங்குடா. பெயரைக் கேட்டதும் ஆலமர நிழலொன்றை எதிர்பார்த்துச் சென்ற எம்மைத் தென்னையும் பனையுமே வரவேற்றன. கார்த்திகை முதல் சித்திரை வரை கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், ஓங்கில் என்று மீனவர் கூறும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கிற் கூடித் துள்ளுவதைப் பார்க்க உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் இங்கே வருகின்றனர். அதிர்ஷ்டமிருந்தால் திமிங்கிலமும் காணலாம். அருகேயுள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழாக் காலங்களில் எள் விழ இடமிராது.

நாம் சென்றது டொல்பினுக்காகவுமன்று, நேர்த்திக்காகவுமன்று. எமது சின்னம்மாவை ஒரு வார காலம் நகரத்து ஓசையினின்றும் அப்புறப்படுத்துவதற்காகவே சென்றோம்.

சின்னம்மாவுக்கு மார்பிற் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, 21 நாட்களுக்கொரு முறை நாளத்தின் வழியே மருந்தேற்றும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நான்கு முறை ஏற்றவேண்டும் என்பது வைத்தியரின் கணக்கு. இரண்டு முடிந்திருந்தன. மூன்றாம் முறைக்கு இன்னும் எட்டு நாட்கள் இருக்கையில், "தம்பி, இனி நான் அங்கே வரமாட்டன், என்னைக் கட்டாயப்படுத்தாதேங்கோ" என்று அவர் சொல்லிவிட்டார். காரணம் மரண பயமன்று. முடி உதிர்ந்ததைப் பற்றி அவர் வேடிக்கையாகவே பேசுவார். தமது உயிலைப் பற்றியும் நிதானமாகப் பேசுவார். ஆனால் கட்டிலருகே வைத்த பிளாஸ்ரிக் வாளியைக் கண்டதும் அவருடைய கை நடுங்கும். வாந்தி வந்துவிடுமே என்ற பயம். வாந்தி வராத வேளையிலும் அது எப்போது வருமோ என்ற பயம்!

இதைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. உயிர் போகும் நோய்க்கு அஞ்சாதவர் வெறும் சத்திக்கு அஞ்சுவதா என்று உறவினர் ஒருவர் கேட்டும் விட்டார். ஆயினும் புற்றுநோய் வைத்தியசாலைகளில் வேலை செய்வோர் நகைக்கமாட்டார்கள். இந்த அச்சத்தினால் சிகிச்சையை நடுவழியிற் கைவிட்டவர்களை அவர்கள் அறிவார்கள்.

சின்னம்மா இன்னொரு தவறும் செய்திருந்தார். முதன்முறை மருந்தேற்றிய பின்னர் இரண்டு நாட்கள் குடல் வெளியே வந்துவிடும் போல ஓங்காளித்ததை அவர் வைத்தியரிடம் சொல்லவேயில்லை. நோய் மாறுவதற்கு இது கூலி என்று எண்ணினாராம். அன்றியும், சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற ஐயம். ஆகவே இரண்டாம் முறையும் அதே அவஸ்தை. அதன்பின் வைத்தியசாலைச் சாலையில் வண்டி திரும்பும்போதே வயிறு புரளத் தொடங்கிவிட்டது.

ஆலங்குடாவில் நாம் தங்கிய வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். வீட்டுக்காரர் படகு வைத்திருக்கும் முஸ்லிம் இளைஞர். அவருடைய தாயார் எழுபதைத் தொட்ட மூதாட்டி. நாம் போய் இறங்கிய மாலை, கசகசா மிதக்கும் சர்பத்தை உயரமான குவளைகளிற் கொண்டுவந்தார்கள். நல்ல சிவப்பு நிறம். வெயிலில் வந்த எமக்கு அமிர்தம் போலிருந்தது. சின்னம்மாவோ அதனைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஓடிவிட்டார்.

நாம் வெட்கிப் போனோம். உபசாரத்தை அவமதித்தது போலாயிற்றே! விஷயம் இதுதான்: சின்னம்மாவுக்கு ஏற்றப்படும் மருந்துகளுள் டொக்சோரூபிசின் என்பது செக்கச் சிவந்த நிறமுடையது. அந்நிறத்தைக் கண்டபின் அவருக்குச் சர்பத்தும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்.

மூதாட்டி எதுவும் கேட்கவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்ச் சின்னம்மாவின் கையிற் கொடுத்து, அருகிலேயே மணலில் உட்கார்ந்துகொண்டார். இருட்டும் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். அப்போது அவர் சொன்ன கதையைப் பின்னர் சின்னம்மா எமக்குச் சொன்னார். மறுநாள் மூதாட்டியின் வாயாலேயே நாமும் கேட்டோம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கின. ஆலங்குடாவிலும் அகதி முகாம்கள் எழுந்தன. இம்மூதாட்டியும் அவ்வாறு வந்தவரே. மழைக் காலம், கடல் கொந்தளிப்பு, படகு நிறையச் சனம். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் கைக்குழந்தையுடன் அவர் இருந்தார். இரவு முழுவதும் வாந்தி.

"கரைக்கு வந்து ரெண்டு வருஷமாகியும் எண்ணெய் மணம் பட்டாச் சத்தி வந்திடும், தங்கச்சி. குப்பி விளக்குக் கொளுத்த ஏலாது. முகாமில அது இல்லாம என்ன செய்ற? என்ட மாப்பிள்ளை இஞ்ச வந்து கடலுக்குப் போகத் தொடங்கினார். அவர்ட சாரத்திலயும் அதே மணம். மனுசனப் பக்கத்தில எடுக்க ஏலாமப் போச்சு."

அதிலிருந்து எங்ஙனம் மீண்டார் என்று நாம் கேட்டோம். மூதாட்டி சிரித்தார். யாரும் வைத்தியம் செய்யவில்லை. கணவருக்குக் காலையில் தேநீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதலில் தென்னைகளுக்கு அப்பால், காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடத்தில், நின்றுகொள்வார்; அவர் வந்து வாங்கிக்கொள்வார். நாளடைவில் அடுத்த தென்னை. பிறகு கருவாடு காயும் இடம். வயிறு புரண்டால் ஓடாமல் அங்கேயே நின்று, மூச்சை மெதுவாக விட்டு, அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். சில மாதங்களில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயிறு சின்னப் பிள்ளை மாதிரி. ஒருக்காப் பயந்தாப் பிறகு எல்லாத்துக்கும் பயப்படும். அடிச்சாக் கேக்காது. பக்கத்தில பக்கத்திலயாக் கூட்டிப் போகோணும்."

எழுதப் படிக்கத் தெரியாத இப்பெண்மணி கூறியதையே விஞ்ஞானிகள் பெருநூல்களில் எழுதியிருக்கின்றனர். மணியோசை கேட்டதும் வாயூறிய பாவ்லோவின் நாய்களை மாணவர்கள் படித்திருப்பார்கள். மணியும் உணவும் பன்முறை சேர்ந்து வந்தால் மணி மட்டுமே போதுமானதாகிவிடும். குமட்டலோ இன்னும் விரைவாகப் பாடம் கற்பிக்கும் ஆசான். 1955ஆம் ஆண்டில் ஜோன் கார்சியா என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் எலிகளுக்கு இனிப்பு நீரைக் குடிக்கக் கொடுத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினர். அவ்வெலிகள் அதன்பின் இனிப்பு நீரை வெறுத்தன. நஞ்சுள்ள கனியை ஒரு முறை தின்று பிழைத்த பிராணி மறுமுறை அதனைத் தீண்டாதிருப்பதற்காக இயற்கை வைத்த காவல் இது. காவற்காரன் நல்லவனே, ஆனால் மருந்தையும் நஞ்சையும் பிரித்தறியும் கல்வி அவனுக்கு இல்லை.

புற்றுநோய் மருந்து உடலிற் புகுந்ததும் குடலின் சுவரிலுள்ள சில உயிரணுக்கள் செரற்றொனின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அது நரம்பின் வழியே மூளைக்குத் தந்தியடிக்கிறது. மூளை வாந்திக்குக் கட்டளையிடுகிறது. இத்துடன் நின்றால் நலம். ஆனால் அவ்வேளையிற் கண்ட நிறம், முகர்ந்த ஸ்பிரிற்று வாசனை, தாதியின் குரல், வரும் வழியில் இருந்த பெயர்ப்பலகை ஆகிய யாவும் அந்தக் கட்டளையுடன் சேர்ந்து மனத்தில் எழுதப்படுகின்றன. அடுத்த முறை மருந்து வேண்டியதில்லை, பெயர்ப்பலகையே போதும். இதனை முன்னெதிர்பார்ப்புக் குமட்டல் என்று கூறலாம். நல்ல தடுப்பு மருந்துகள் இல்லாத நாட்களில் நான்காம் முறை மருந்தேற்றும்போது ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இதற்கு ஆளாகினர். ஆகவே இது கோழைத்தனமுமன்று, கற்பனையுமன்று. வயிறு படித்த பாடம்.

குழந்தைகளுக்கும் இது நேரும். 1978ஆம் ஆண்டில் இலீன் பேர்ன்ஸ்ரைன் என்பவர், மருந்தேற்றுவதற்கு முன்னர் ஒரு புதுவகை ஐஸ்கிரீமைத் தின்ற சிறுவர்கள் பின்னர் அதனை ஒதுக்குவதைக் கண்டார். ஐஸ்கிரீமை வெறுக்கும் பிள்ளையை வேறெங்கே காண்பது! பிற்பாடு அவரே ஓர் உபாயமும் கண்டார். உணவுக்கும் மருந்துக்கும் இடையே விசித்திரமான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தால், வயிறு பழியை மிட்டாயின் மேற் சுமத்திவிட்டு உணவை மன்னித்துவிடுகின்றது. மருந்து நாளிலே பிள்ளைக்குப் பிரியமான பண்டத்தைச் சமைத்து ஊட்ட விரும்பும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். அன்பினாற் செய்யும் அப்பாற்சோறு பிள்ளைக்குப் பல மாதங்களுக்கு ஆகாததாகிவிடக் கூடும்.

மூன்றாம் நாட் காலை நாம் மட்டும் டொல்பின் பார்க்கப் படகேறினோம். கரை கண்ணுக்கு மறைவதற்குள் எமது வயிறும் மக்கர் பண்ணத் தொடங்கியது. வீட்டுக்கார இளைஞர், "சேர், படகைப் பாக்காதீங்க, தூரத்துக் கடல் விளிம்பைப் பாருங்க" என்றார். காது சொல்லும் ஆட்டத்தைக் கண்ணும் ஒப்புக்கொண்டாற் குமட்டல் தணியும் என்பதே அதன் தத்துவம். ஓரளவு பலித்தது. குமட்டலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'நோசியா' என்ற சொல் கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்று எப்போதோ படித்தது அவ்வேளை நினைவுக்கு வந்தது. பிரித்தானியக் கடற்படைத் தலைவன் நெல்சன் ஆயுள் முழுவதும் கடலிற் கழித்தும் புயலடித்தால் மயங்கினான் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆறுதலாயிருந்தது. டொல்பின்கள் வந்தன, தண்ணீரைவிட்டெழுந்து பம்பரம் போற் சுழன்று விழுந்தன. நாம் பாதியைத்தான் கண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்தபோது வீட்டு முற்றத்தில் வேறொரு காட்சி. விறாந்தையின் ஒரு கோடியிற் சின்னம்மா சாய்கதிரையில் இருந்தார். மறு கோடியில், கிணற்றுக் கட்டின் மேல், சிவப்புச் சர்பத் நிறைந்த குவளை ஒன்று. மூதாட்டியின் ஏற்பாடு! "கிட்டப் போகத் தேவையில்லை, அது அங்க இருக்கட்டும், நீங்க இஞ்ச இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னம்மா மூச்சை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மறுநாட் குவளை முற்றத்தின் நடுவே வந்தது. அதற்கடுத்த நாள் விறாந்தைப் படியில். ஒரு முறை வயிறு புரண்டபோது குவளையை மீண்டும் முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். யாரும் அதனைத் தோல்வி என்று சொல்லவில்லை. நாம் புறப்பட்ட தினம் சின்னம்மா குவளையைக் கையிலெடுத்து, மணத்தைப் பார்த்து, திரும்ப வைத்தார். குடிக்கவில்லை.

தென்னாபிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்ப் 1958ஆம் ஆண்டிலே நூலாக எழுதிய முறை இதுவேயாகும். உடலைத் தளர்த்திக்கொண்டு, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகுதல். 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் கரி மொரோ என்பவர் இதனைப் புற்றுநோயாளர்க்குப் பயன்படுத்தி, மருந்துக்கு முன்னர் வரும் குமட்டலும் வாந்தியும் குறைவதைக் காட்டினார். வீட்டை விட்டுப் புறப்படுவதையும், வாயிலைக் கடப்பதையும், நாற்காலியில் அமர்வதையும் நோயாளர் ஒவ்வொன்றாக மனத்தில் நினைத்துப் பழகினர்.

எனினும் மூச்சும் குவளையும் மட்டுமே போதும் என்று யாரும் நினைத்துவிடலாகாது. வயிறு இப்பாடத்தைக் கற்காமலே தடுப்பதுதான் முதற்கடமை; அதற்கு மருந்து வேண்டும். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து, தடுப்பு இல்லாவிடில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாந்தியை உண்டாக்கும். அக்காலத்து நோயாளர் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. 1990களின் தொடக்கத்தில் ஒன்டன்செற்றோன் வந்தது; செரற்றொனின் அடிக்கும் தந்தியை அது அறுத்துவிடுகிறது. 2003இல் அப்பிறிப்பிற்றன்ற் சேர்ந்தது. பின்னர் ஒலன்சாப்பின். டெக்சாமெதசோனையும் இவற்றையும் வேண்டியவாறு கூட்டிக் கொடுப்பதனால் இன்று பெரும்பாலோர்க்கு வாந்தி தடைப்படுகின்றது. குமட்டல்தான் சற்றுப் பிடிவாதம். எல்லாப் புற்றுநோய் மருந்துகளும் வாந்தியைத் தருவனவும் அல்ல. பத்துப் பேரில் ஒருவருக்கும் தராதவையும் உண்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் கதை நமது கதையாக வேண்டியதில்லை.

பெண்கள், இளவயதினர், மசக்கையில் மிகவும் வருந்தியவர்கள், பஸ் பிரயாணத்தில் தலைசுற்றுபவர்கள் ஆகியோர் இதனால் அதிகம் வருந்துவர். இவற்றை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லிவிட்டால் அவர் மருந்தைப் பலப்படுத்துவார். நீண்ட காலம் மதுவருந்தியவர்களுக்கு வாந்தி குறைவு என்பதும் கண்டறியப்பட்ட உண்மையே. இதனைச் சாக்காக வைத்துக் குடிக்கத் தொடங்கும் அன்பர்களுக்கு நாம் பொறுப்பல்லோம். இஞ்சித் தேநீர் சிலருக்கு இதந்தரும். தேசிக்காயை முகர்வது வேறு சிலருக்கு. அவை மருந்துக்குத் துணை, மாற்றல்ல. ஒரு நாள் முழுவதும் தண்ணீரும் தங்காவிடில் வீட்டிலிருத்தல் ஆகாது.

இந்தக் கரையோரத்து நோயாளர் பலருக்கு மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையே கதி. விடியுமுன் பஸ்ஸேறி நாலைந்து மணி நேரம் குலுங்கிச் சென்று, மருந்தேற்றிக்கொண்டு, அதே பாதையில் திரும்ப வேண்டும். டீசல் மணமும் பாதை வளைவும் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். கூடச் செல்பவர்கள் முன்னாசனத்தில் ஓரிடம் பிடித்துக் கொடுத்தாற்கூட அது சிறிய உதவியன்று.

எட்டாம் நாள் சின்னம்மாவை அழைத்துச் சென்றோம். முதலில் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னார், வாளி உட்பட. வைத்தியர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "இதை முதல் தரமே சொல்லியிருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டீர்களே, அம்மா" என்றார். மாத்திரைகளில் ஒன்றைக் கூட்டினார். சிவப்பு மருந்தைத் துணியால் மூடித் தரலாமா என்று சின்னம்மா தயங்கித் தயங்கிக் கேட்க, தாதி உடனே மூடினார். வாயிலில் ஒரு முறை ஓங்காளம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அடங்கிய பின் உள்ளே சென்றார். வீட்டுக்கு வந்தபின் இரண்டாம் நாள் ஒரேயொரு தடவை வாந்தி. நான்காம் முறையும் மருந்தேற்றி முடித்தார்.

சென்ற நோன்பு மாதத்தில் ஆலங்குடாவிலிருந்து ஒரு பொதி வந்து சேர்ந்தது. கொஞ்சம் கருவாடு, ஒரு போத்தல் சிவப்புச் சர்பத் பாணி. கருவாடு அன்றே தீர்ந்துவிட்டது. போத்தலைச் சின்னம்மா சமையலறை அலுமாரியில், கண்ணிற் படும் தட்டிலேயே வைத்திருக்கிறார். இன்னும் திறக்கவில்லை.